வடசேரிச் சந்தை, பக்கம் 12

கட்டுரைத் தாளின் மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, வரிசையாக. பேராசிரியர் ராஜையன் தாளைத் தூக்கி உதறியதும் நாலைந்து அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்தன.

"ஏலே ஜெயசிங், கட்டுரை எழுதினியா, இல்ல அதுல வச்சு பலகாரம் தின்னியா?"

அவருடைய மாணவன் ஜெயசிங் மேசையில் ஊர்ந்த எறும்பை ஊதிவிட்டான். 1934 கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. ராஜையனின் வீடு முழுக்கப் புதுச் சுண்ணாம்பு வாசம். வெள்ளையடிப்புக்கு முன்னால் பரணை ஒழித்துப் போடுவது வருடாவருடம் அவர் மனைவி செல்லபாயின் பொறுப்பு. அதெல்லாம் முடிந்து இப்போது உள்ளே மதியச் சோற்றுக்கு அரிசி அள்ளிக்கொண்டிருந்தாள். பானையின் அடியில் நகம் தட்டும் சத்தம் முன்னறைவரை கேட்டது.

கல்லூரித் தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டிக்கு ராஜையன்தான் நடுவர். தலைப்பு, 'பஞ்சமும் குடும்பமும்'. முதலில் திட்டம் போடு, பிறகு எழுது, எழுதியதை எங்கே எடுத்தாய் என்று பக்கத்தின் அடியில் குறி என்று பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். "ஆதாரம் இல்லாத காயிதம் எடைக்குத்தான் ஆகும்" என்பது அவருடைய வேதவாக்கு. பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதே குரலில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பதினோரு குறிப்பு போட்டிருக்க. பத்தும் சுத்தமா இருக்கு. இந்த அஞ்சாவது என்னதுலே?" அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "'வடசேரிச் சந்தை, பக்கம் 12.' சந்தை எப்பம்லே புஸ்தகம் எழுதிச்சு?"

"எழுதினவங்க பேரு தெரியல்ல சார். கிடைச்ச இடத்தப் போட்டேன்."

"நாளைக்கு மீன் கடை, பக்கம் நாலுன்னு போடுவியா?"

ஜெயசிங்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"சிரிக்காத. முதல் பரிசு ஒனக்குத்தான்னு எழுதி வச்சிருந்தேன். இப்பம் பொய் ஆதாரம், திருட்டுன்னு பிரின்சிபாலுக்கு எழுதணும். எழுதினா கல்லூரியில ஒனக்க பேரு இருக்காது, அறியுமா?"

சிரிப்பு போய்விட்டது. ராஜையன் அந்தப் பத்தியை உரக்க வாசித்தார்.

'பஞ்சம் முதலில் வயலுக்கு வருவதில்லை. அரிசி அள்ளும் கையின் நகம் பானையின் அடியில் தட்டும் நாளில் அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சத்தம் திவான் கச்சேரிக்குக் கேட்க இன்னும் ஆறு மாதம் ஆகும்.'

வாசித்து முடித்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"இத எழுதினவன் லேசுப்பட்டவன் இல்ல மக்கா. நான் எங்கயோ வாசிச்சிருக்கேன், ஓர்மை வரல்ல. பெரிய மூளை. ஒன்னால இப்படி எழுத முடியுமா?"

"முடியாது சார்."

"ஒனக்க அப்பனால முடியுமா?"

"அப்பா கையெழுத்துப் போடுவாவ சார். அதுவும் பாத்துதான்."

"பின்ன எங்க எடுத்த? மரியாதைக்கு அந்தப் புஸ்தகத்தக் கொண்டா."

ஜெயசிங் தயங்கித் தயங்கிச் சட்டைப் பைக்குள் கைவிட்டான். நாலாக மடித்த பழுப்புத் தாள் ஒன்று வந்தது. நடுவில் கறுப்பாகப் பிசுபிசுத்தது. மடிப்பிலிருந்து இன்னும் இரண்டு எறும்புகள் எட்டிப் பார்த்தன.

"சந்தையில கருப்பட்டி பொதிஞ்சு தந்த காயிதம் சார். மேல 12ன்னு இருக்கு, பேரு இல்ல. பொட்டலக் காயிதத்த ஆதாரம்னு காட்ட வெக்கமா இருந்துச்சு. அதுல உள்ள எறும்புதான் கட்டுரையிலயும் ஏறிட்டு."

ராஜையன் தாளை வாங்கிச் சன்னல் பக்கம் திருப்பினார். வலப்பக்கம் சாய்ந்து ஓடும் எழுத்து. ஓரத்தில் ஒரு மைச் சொட்டு. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏலே, இது எனக்க கையெழுத்துல்லா! திருவனந்தபுரத்துல பி.ஏ. படிக்கும்பம் எழுதின கட்டுரை. தங்க மெடல் தந்தாவ! பெரிய மூளைன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னிய சார்."

"திருட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தச் சந்தைய அடிச்சிட்டு எனக்க பேர எழுது. பரிசு ஒனக்குத்தான்."

உயிர் திரும்பி வந்தவனாக ஜெயசிங் மேசைமேல் இருந்த பேனாவை மையில் தோய்த்தான். அப்போதுதான் ராஜையனுக்கு வேறொன்று உறைத்தது.

"ஏட்டி செல்லபாய்! இஞ்ச வா. பரணுல கிடந்த எனக்க மெடல் கட்டுரைய எவன் எடைக்குப் போட்டான்?"

செல்லபாய் வந்து நிலைப்படியில் நின்றாள். விரல்களில் தவிடு ஒட்டியிருந்தது.

"நான்தான் போட்டேன்."

"வாசிச்சுப் பாக்காமலா?"

"வாசிச்சேன், பதிமூணு பக்கமும். கல்யாணம் முடிஞ்ச வருசம் லீவுக்கு வந்திய. நான் அரிசி அள்ளிக்கிட்டே சொல்லச் சொல்ல, அடுப்படியில பலகை போட்டு இருந்து எழுதினிய. ஆரு சொன்னான்னு அடியில எங்கயாவது போட்டிருக்கியளான்னு பக்கம் பக்கமாத் தேடினேன். ஒரு எழுத்து இல்ல."

ஜெயசிங்கின் பேனா 'ரா' என்ற எழுத்தோடு நின்றது.

ராஜையன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். எறும்பு ஒன்று மைச் சொட்டைச் சுற்றிக்கொண்டு போனது.

"அதுக்காக... எடைக்கா போடுவ?"

செல்லபாய் விரலில் இருந்த தவிட்டை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆதாரம் இல்லாத காயிதம் பின்ன எதுக்கு ஆகும்?"