முள் ஏறியபோது இருந்த எடை

மரத்திலிருந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்ட குரங்கை, வழக்கம்போல எருமைதான் கொக்கு வைத்தியரிடம் சுமந்து வந்தாள். வழியில் அவள் குளம்பிடுக்கில் கருவேல முள் ஏறிவிட்டது.

குரங்குக்குக் கட்டுப் போட்ட வைத்தியர் ஒரு நாவற்பழம் வாங்கிக்கொண்டார். குரங்கு மறுபடியும் எருமையின் முதுகில் ஏறி வசதியாக உட்கார்ந்தது.

எருமை காலை நீட்டினாள். "அக்காவிடம் இரண்டு பழம் வாங்குங்கள், வைத்தியரே," என்றது குரங்கு. "கண்டதையும் தின்று பெருத்த உடம்பு, அதனால்தான் முள் இவ்வளவு ஆழம் போயிருக்கிறது."

"நீ வாரந்தோறும் விழுகிறாயே, அதற்கு?"

"அது விளையாட்டு, அக்கா. அதற்கெல்லாமா கூடுதல் கேட்பார்கள்?"

வைத்தியர் அலகைச் சொறிந்தபடி யோசித்தார். முள் ஏறிய இடம் விண்விண்ணென்று தெறித்தது. எருமைக்குப் பொறுமை போய்விட்டது.

"எடையைப் பார்த்தே வாங்குங்கள். ஆனால், முள் ஏறியபோது இருந்த எடையைப் பாருங்கள், வைத்தியரே. தம்பி இன்னும் இறங்கவில்லை."