பெட்டிக்குக் குறி பார்த்தவர்கள்

பிள்ளையை வயிற்றில் சுமக்காமல் நிம்மதியாக வேலைக்குப் போகட்டும் என்றுதான் மகிழினிக்குக் கருவை வளர்க்கும் கருப்பெட்டி வாங்கினார்கள். கூடத்தில், மின்சாரத்தில், பிள்ளை அதுபாட்டுக்கு வளர்ந்தது. ஆணா பெண்ணா என்று சொல்லப் பெட்டிக்குச் சட்டப்படி வாய் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மாமியார் நிரோஷாவும் எதிர்வீட்டு சுபாஷினியும் இருந்தார்களே!

“பெட்டி கூம்பலா இல்லியே நிரோஷா, அகலமால்ல இருக்கு?”

“ஆமாக்கா, பளபளப்பும் கூடிக்கிட்டே போகுது. மினுமினுப்பு வந்தா பொண்ணுன்னுதானே சொல்லுவாங்க?”

“நான்தான் அத்தை நேத்து தொடச்சேன்,” என்றாள் மகிழினி.

“நீ சும்மா இரு. ஏக்கா, இதைத் தூக்கிட்டு வந்தவன் எந்தக் காலை முதல்ல உள்ள வெச்சான்?”

“இடது கால். என் கண்ணால பாத்தேனே!”

“அப்ப பொட்டப்புள்ளதான்,” என்று தீர்ப்புச் சொன்ன நிரோஷா, சுவர்ப்பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “இந்தப் பிளக்கு வேற லூசா இருக்கு. யாராச்சும் கால் தடுக்கினாக்கூடக் கழண்டுடும், பாவம்.”

மறுநாளே மகிழினி வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாள். மசக்கையும் இடுப்புவலியும் இல்லாத சொகுசான கர்ப்பம். பிள்ளை பிறக்கும்வரை சுவரோரம் உட்கார்ந்து பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.