பொட்டு மை இல்லாத தாள்

"நோட்டேஷனைப் படம் பிடிச்சு அனுப்பினா ஆகாதா? கம்ப்யூட்டர்ல எக்ஸ்எம்எல் ஃபைலாத்தான் வேணுமாம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பேர் என்ன, நீளம் என்னன்னு சீட்டு ஒட்டியே உசிரு போகுது" என்று மனைவியிடம் புலம்பிக்கொண்டே, இசையமைப்பாளர் தன் பாட்டைப் புதுப் பாடகிக்கு அனுப்பிவைத்தார்.

ஒத்திகையன்று, உட்கார்ந்திருந்த பாடகியின் பின்னாலிருந்து தாளை எட்டிப் பார்த்தவருக்குப் பகீரென்றது. பொட்டு மை இல்லை.

"அச்சே விழலையேம்மா."

அவள் சிரித்துக்கொண்டே அந்த வெள்ளைத் தாளில் விரல்களை ஓடவிட்டுப் பாடினாள். மூச்சுக்கு அவர் விட்டிருந்த இடைவெளிகூடத் தப்பவில்லை.

"நீங்க ஒட்டின சீட்டையெல்லாம் மெஷின் படிச்சு, நான் தடவிப் படிக்கிற பிரெய்ல் புள்ளியாக் குத்திக் கொடுத்துடுச்சு சார்" என்றாள் அவள். "படமா அனுப்பியிருந்தா அதுக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது."