யார் கைக்கும் பழகாத லென்ஸ்

புது வீட்டு வாசற்படியில் எல்லோரும் ஏறி நின்றுவிட்டார்கள்.

ஏஞ்சல் எதிரே, மிச்சமிருந்த மணல் குவியலுக்குப் பக்கத்தில், கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றாள். ஹாலில் மாட்டப்போகிற படம் இது. அதற்கென்று சுவரில் ஆணிகூட அடித்தாகிவிட்டது. விடியற்காலையில் பால் காய்ச்சும்போதே அவள் அதைப் பார்த்தாள்.

மாமனார் பாண்டுரங்கன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். அவருடைய தம்பி, பசு வாசல் தாண்ட மறுத்த கதையை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் அவர் பார்வை ஏஞ்சலின் கைக்கு வந்தது.

"இன்னாம்மா, கேமரா சொப்பு மாறி கீது. அதுக்கு எங்க தாத்தா காலத்து இரும்ப மாட்டிக்கினு கீற?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏஞ்சலும் சிரித்தாள்.

லென்ஸ் வேறு கம்பெனியுடையது. கேமராவைவிட மூத்தது, அவளைவிடவும் மூத்தது. செங்கல்பட்டில் கடையைக் காலி செய்த ஒருவரிடம் வாங்கினாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் போட்டால்தான் ஒன்றோடொன்று சேரும்.

முதல் நாள் மாட்டியபோது, லென்ஸ் பொருத்தப்படவில்லை என்றது கேமரா. பொருத்தித்தான் இருந்தது. வெளிச்சம் உள்ளே வந்தது. மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டில் திரையில் தெரிந்தது. ஆனாலும் இல்லை என்றது. லென்ஸ் இல்லாமலே படம் எடுக்கலாம் என்று கேமராவின் செட்டிங்கில் மாற்றிவைத்த பிறகுதான் சம்மதித்தது.

இந்த லென்ஸ் தானாக எதையும் பிடிக்காது. முகம் எங்கே இருக்கிறதென்று கையால் திருகித் தேட வேண்டும்.

உத்திரமேரூர் ஸ்டுடியோவில் அவள் வேலைக்கு எடுத்துப்போவது வேறு லென்ஸ். அதை வைத்து ஊரில் எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கிறாள். இந்த வீட்டு விசேஷம் என்றால் மட்டும் இது.

வசந்த்குமாரை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பின், இந்தக் குடும்பம் வெகுநாள் அவர்களோடு பேசவில்லை. பிறகு ஒரு பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள். மானாம்பதியில் பஸ் இறங்கியதிலிருந்து அவள் தலைமுடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்றும் ஒரு படம் எடுத்தார்கள். யாரோ ஒரு மைத்துனன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சின்னப் பிள்ளைகளைக்கூட விடவில்லை. வசந்த்குமார் பெயர் வந்ததும் அவன் போய் நின்றான். அவள் கிணற்றோரம், எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

யாரும் விரட்டவில்லை. பெயர் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த விசேஷத்திலிருந்து கேமராவோடு வந்தாள். எடுக்கிறவளை யாரும் படத்தில் தேட மாட்டார்கள். அவளுக்கும், ஏன் கூப்பிடவில்லை என்று இரவெல்லாம் யோசித்துக் கிடக்க வேண்டியதில்லை.

ஆனால் காது மட்டும், ஒவ்வொரு தடவையும், ஒரு பெயருக்காகக் காத்திருந்தது. கண்ணில் கேமரா இருந்தால் அது முகத்தில் தெரியாது.

"ஏஞ்சலு."

மாமியார் தேவகிதான். படியின் நடுவில் நின்றபடி, பக்கத்திலிருந்த பேத்தியைத் தோளைப் பிடித்து அந்தண்டை நகர்த்தினாள்.

"நீயும் வந்து நில்லு மா. ஜெகன் சும்மாதான நிக்கறான், அவங் கையில குடுத்துட்டு வா."

வீட்டுக்கு வயரிங் செய்த ஜெகன், கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். வசந்த்குமார் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"இத வேற யாரும் புடிக்க முடியாது அத்த. கலங்கிப் பூடும்."

சொல்லிவிட்டாள். யாராவது ஒப்புக்குக் கூப்பிட்டால் சொல்வதற்கென்று அந்தப் பொங்கலிலிருந்து நாக்கில் வைத்திருந்த பதில். தேவகியின் குரலில் ஒப்பு இல்லை என்பது, பதில் வாயை விட்டுப் போன பிறகுதான் அவளுக்குக் கேட்டது.

ஜெகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தான். தேவகி கோபித்துக்கொள்ளவில்லை. சரி என்பதுபோல் தலையை அசைத்தாள். பேத்தியை மட்டும் பழைய இடத்துக்கு இழுக்கவில்லை.

ஏஞ்சல் லென்ஸைத் திருகினாள். தெளிவாகப் பிடிபட்ட இடத்தில், கேமராவுக்குள் தெரிகிற காட்சியில் சிவப்புக் கோடு ஓடும். மாமனாரின் மீசையில் ஓடியது. தேவகியின் முந்தானைச் சரிகையில், வசந்த்குமாரின் சட்டைக் காலரில் ஓடியது. அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு எதுவும் வரவில்லை. பின்னாலிருந்த நிலைக்கதவின் மஞ்சள் மட்டும் அங்கே கலங்கித் தெரிந்தது.

இப்போதுகூட முடியும்.

நல்ல வெயில். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எட்டாம் எண்ணில் வைத்து, தூரத்தை ஒரு தடவை சரிசெய்துவிட்டால் போதும். எல்லா முகமும் தெளிவாக விழும். அதற்குப் பிறகு ஜெகன் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாலும் படம் கலங்காது. அங்கே இருந்தவர்களில் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தேவகி இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல இடம் கீது அத்த" என்றாள் ஏஞ்சல். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க."