மூடப்பட்ட பள்ளம்

“ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ!” பள்ளத்தின் விளிம்பில் குனிந்து உச்சுக் கொட்டினார் தையல்காரம்மா.

உள்ளே இடுப்பளவு சேற்றில் நின்றிருந்த கவுன்சிலருக்கு அதைக் கேட்டதும் போன உயிர் திரும்பி வந்தது. முகமெல்லாம் சேறு, அடையாளம் தெரியவில்லை. தெரியவும் கூடாது. இந்தப் பள்ளத்தை மூடிவிட்டதாகத்தான் அவருடைய சாதனைத் துண்டறிக்கையே ஆரம்பிக்கிறது.

மூன்று மணிக்குள் வேட்புமனு கொடுத்தாக வேண்டும். இன்றுதான் கடைசி நாள். ஊர்வலம் மெயின் ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொள்ள, மனுவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு குறுக்குத் தெருவில் தனியாக ஓடி வந்தார். வந்து பழக்கம் இருந்தால்தானே தெரியும்? இற்றுப்போன பலகையில் கால் வைத்தார், அவ்வளவுதான். செல்போன் சேற்றோடு போயிற்று.

“அம்மா, சீக்கிரம் ஒரு ஏணி கொண்டாங்கம்மா! பொண்ணுக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!” குரலை மாற்றிக்கொண்டு கெஞ்சினார்.

“ஏணிக்கு நான் எங்க போவேன்?” என்று கையை விரித்தார் பக்கத்தில் நின்ற பெயிண்டர். அவர் தலைக்கு மேலே, மாடிச் சுவரில் பாதி வரை அடித்திருந்த பச்சை இன்னும் ஈரமாக மின்னியது.

“கவலப்படாதீங்கண்ணே, நகராட்சி ஆபீசுக்கே போன் போடறேன்.” தையல்காரம்மா ஸ்பீக்கரைப் போட்டார்.

“எந்தத் தெரு? அங்க பள்ளமே கிடையாதேம்மா. மூடியாச்சுன்னு கவுன்சிலரே கையெழுத்துப் போட்டிருக்காரு. இல்லாத பள்ளத்துல எப்படி விழுவாங்க?” போன் வைக்கப்பட்டது.

“எங்க வீட்டுக்காரர் விழுந்தப்பவும் இதே பதில்தான். மனுஷன் இன்னும் காலுல கட்டுப் போட்டுக்கிட்டுக் கிடக்கறாரு” என்றார் தையல்காரம்மா.

“கவுன்சிலருக்கே அடிச்சுப் பாரேம்மா” என்றார் பெயிண்டர்.

“சுவிட்ச் ஆஃப்ண்ணே. அஞ்சு வருஷமா அப்படித்தான்.”

பள்ளத்துக்குள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்படிச் சொல்லாதீங்கம்மா. தங்கமான மனுஷன்! பூங்கா கொண்டாந்தாரு, விளக்கு போட்டாரு. இன்னொரு தடவை ஜெயிச்சா...”

“பூங்கா எங்கண்ணே இருக்கு?”

“அவரு வீட்டுக்கு எதுத்தாப்ல.”

“விளக்கு?”

“பூங்காவுல.”

“சொல்லுங்கண்ணே, இன்னும் சொல்லுங்க. பொழுது போகணும்ல?” தையல்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கவுன்சிலர் மண்சுவரைப் பற்றி ஏறிப் பார்த்தார். அது பொலபொலவென்று சரிந்து அவரோடு சேற்றில் விழுந்தது. சட்டைக்குள் மனுவின் ஓரம் நனையத் தொடங்கியது. மானம் போனால் போகட்டும், பதவி போகக் கூடாது.

“அம்மா! நான்தாம்மா கவுன்சிலர்! உங்க கால்ல வேணாலும் விழறேன், தூக்கி விடுங்க. நாளைக்கே இந்தப் பள்ளத்த என் கையாலயே மூடறேன்!”

மேலே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சேத்துல நின்னு மூளை குழம்பிடுச்சு போல” என்றார் பெயிண்டர்.

“அதானே. கவுன்சிலராவது, நம்ம தெருவுக்கு வர்றதாவது!”

“சத்தியமா நான்தாம்மா! மணி என்னம்மா ஆச்சு? மணியச் சொல்லுங்க!” சேற்றுக் கையால் முகத்தைத் துடைக்கத் துடைக்க இன்னும் அப்பிக்கொண்டது. மேடைகளில் வரவழைத்துப் பழகிய கண்ணீர், முதன்முறையாகத் தானாக வந்தது.

தெருமுனையில், மூன்று மணிக்கு விடும் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் ஹோவென்று ஓடி வரும் சத்தம் கேட்டது.

தையல்காரம்மா நிதானமாக எழுந்து ஸ்டூலை ஓரமாக வைத்தார்.

“பெயிண்டரண்ணே, இப்ப ஏணிய எறக்குங்க. கவுன்சிலர் ஐயா ஏறி வரட்டும்.”