படகு கிளம்பவில்லை

"இவன் பக்கா ஃப்ராடுங்க. நம்மள எல்லாம் வெயில்ல காயப் போட்டுட்டான்."

கிளமெண்ட் சொன்னதற்குக் கரையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

ஆள் நடமாட்டமே இல்லாத கடற்கரை, ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று சொல்லித்தான் பெரம்பலூரில் வேனைக் கிளப்பினான் டூர் நடத்தும் காமில். அரியலூரில் கிளமெண்டும் மனைவி ஆரோக்கிய செல்வியும் ஏறிக்கொண்டார்கள். சிதம்பரம் தாண்டி ஓர் உப்பங்கழி ஓரமாக எல்லோரையும் இறக்கிவிட்டான். கழிக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. தோப்புக்குப் பின்னால் கடல்.

இருப்பதோ ஒரே படகு. பெண்களையும் பிள்ளைகளையும் முதல் நடையில் அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பியது. அதோடு சரி. இன்ஜின் படுத்துவிட்டது.

"துபாய்லேர்ந்து லீவுல வந்ததே கடலைப் பாக்கத்தான். இந்தக் கழியைப் பாத்துட்டே லீவு முடிஞ்சுரும் போல" என்றார் லெப்பைக்குடிக்காட்டு மீரான்.

"என் பாடு பரவால்ல பாய். அங்க என் சம்சாரம் தனியா பையைக் கட்டிக்கிட்டு நிக்கும்" என்றான் கிளமெண்ட்.

நிற்பாள்தான். வருஷம் தவறாமல் வேளாங்கண்ணி போகிறார்கள். கிளமெண்ட் கண் சிவக்கச் சிவக்கக் கடலில் ஆடுவான். செல்வி அவன் செருப்பு, போன், பர்ஸ் எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு கரையில் நிற்பாள். இதுவரை ஒரு பொருள் தொலைந்ததில்லை என்று அவனுக்குப் பெருமை வேறு.

இன்று விடியற்காலையில்கூட அவள் பையில் ஒரு சுடிதாரை எடுத்து வைத்தாள்.

"அது எதுக்கு?"

"கடல்ல இறங்குனா மாத்திக்கலாம்னு..."

"நாலு ஆம்பளைங்க முன்னாடி நனைஞ்சுக்கிட்டு நிப்பியா? திரும்ப பீரோவுல வையி."

மறுபேச்சில்லாமல் எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள். அந்தப் பொறுமைசாலி இப்போது அக்கரையில் வெறுமனே நிற்கிறாளே என்று நினைக்க நினைக்க அவனுக்குக் காமில் மேல் ஆத்திரம் ஏறியது. வேனிலும் இதே கூத்துதான். காமிலின் மனைவி பர்சானா ஒரு பெரிய மூட்டையைக் கொண்டுவந்து இவன் காலடியில் திணித்துவிட்டாள். முட்டியை நீட்ட வழியில்லை. என்னம்மா இது என்று கேட்டதற்கு, "சாமான்தாண்ணே" என்று ஒரு சிரிப்பு.

பொறுத்தது போதும் என்று கிளமெண்ட் படகில் தாவி ஏறினான். படகுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நகருங்க. சிமெண்ட் பாக்டரில ஃபிட்டர் நான். எனக்குத் தெரியாத இன்ஜினா?"

காமில் பதறிப்போய்க் குறுக்கே வந்தான். "வேணாம் சார், கையெல்லாம் அழுக்காயிடும்."

"என் சோறே அழுக்குலதான்யா வருது."

குனிந்து பார்த்தான். டேங்க் நிறைய டீசல். குழாயில் பழுதில்லை. வால்வு மட்டும் மூடியிருந்தது.

"அடப்பாவி! நீயே மூடி வச்சுட்டு நாடகம் ஆடுறியா?"

"மெதுவா சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்." காமில் பக்கத்தில் வந்து குந்தினான். "மொதமொதல்ல டூர் கூட்டியாந்தப்ப வாயால கேட்டுத்தான் பாத்தேன். பொம்பளைங்க மட்டும் கொஞ்ச நேரம் கடல்ல குளிக்கட்டும், நாம இங்க இருப்போம்னேன். ஒருத்தரும் ஒத்துக்கல. அடிக்கவே வந்துட்டாங்க. அப்புறந்தான் இன்ஜின் மேல பழியைப் போட்டேன். இன்ஜின்கிட்ட யாரு சார் சண்டைக்குப் போவாங்க?"

"அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"பர்சானா கயிறு கட்டி வச்சிருக்கா. இந்தப் படகுக்கார அண்ணனோட சம்சாரமும் கூடவே நிக்கிது, நீச்சல்ல கெட்டி. அந்த மூட்டை பூரா மாத்துத் துணி சார்."

அப்போதுதான் கிளமெண்டுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது. தோப்பைத் தாண்டிக் காற்றில் வந்தது. ஒரு கூச்சல், அதைத் தொடர்ந்து கொல்லென்று சிரிப்பு. அடுத்த அலைக்கு மறுபடியும் கூச்சல். அதில் ஒரு சிரிப்பு அவனுக்குத் தெரிந்த குரலாக இருந்தது. ஆனால் இப்படி வாய்விட்டு அவள் சிரித்து அவன் கேட்டதே இல்லை.

வேளாங்கண்ணிக் கரையில் செருப்போடு நிற்கும் செல்வி கண்ணுக்குள் வந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"செல்விக்கு இது தெரியுமா?" என்று கேட்டான்.

காமில் தலையைச் சொறிந்தான். "நம்ம பக்கத்துப் பொம்பளைங்களுக்கு எல்லாம் தெரியும் சார். அதனாலதான் என் வேன்ல எப்பவும் எடம் கெடைக்காது. ஒங்க வூட்டம்மா முந்தாநாளே போன் பண்ணிட்டாங்க. ‘எங்க வூட்டுக்காரரு ஃபிட்டரு, கண்டுபுடிச்சுடுவாரு தம்பி, அவரை மட்டும் படகுகிட்ட விட்டுறாதீங்க'ன்னு."

கரையிலிருந்து மீரான் கத்தினார். "என்னண்ணே, கெளம்புமா கெளம்பாதா?"

கிளமெண்ட் எழுந்து நின்றான். ஒரு துளி அழுக்கும் படாத கையை வேட்டியில் அழுத்தித் துடைத்தான்.

"எங்க பாய் கெளம்புறது! பெரிய வேலையா இழுத்து வச்சிருக்கு. எல்லாரும் நெழலாப் பாத்து உக்காருங்க!"

சொல்லிவிட்டுக் குனிந்து, அந்த வால்வை இன்னும் ஒரு சுற்று இறுக்கி மூடினான்.