எலி செய்த சோதனை

எலி கண்டதையெல்லாம் தின்னும் என்று உலகம் நம்புகிறது. இது மிகப் பெரிய பிழை. எலி முதலில் சந்தேகப்படும். அதன் பிறகுதான் தின்னும்.

ஒரு சமையலறை எலிக்கு வளையின் வாசல் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. வீட்டில் பூனை வேறு இருந்தது. இளைத்தே ஆக வேண்டும். அலமாரியில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகள் இருந்தன. ஒன்றில் 'சர்க்கரை இல்லை' என்றும் மற்றதில் 'கொழுப்பு இல்லை' என்றும் எழுதியிருந்தது.

கொழுப்பு இல்லாததை எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. எலி ஓர் எறும்பை மடக்கியது.

"இதுல உனக்கென்ன வேலை?"

"அத்தனையும் சர்க்கரை அண்ணே. கொழுப்பை எடுத்துட்டா ருசிக்கு எதையாவது போடணுமில்ல?"

"அப்போ அது?"

"ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். ஒரே நெய். கால் வழுக்கிருச்சு."

இரண்டையும் எறும்பே அமுக்கப் பார்க்கிறது என்று எலிக்குத் தோன்றியது.

"நீ சொன்னா நான் நம்பணுமாக்கும்! நானே சோதிச்சுப் பார்க்கிறேன்."

ஒரு பிஸ்கட்டை வைத்து முடிவுக்கு வருவது முறையல்ல என்பதால், இரண்டு பாக்கெட்டையும் கடைசித் துணுக்குவரை சோதித்தது. எறும்பு சொன்னது உண்மைதான்.

பூனை உள்ளே வந்தபோது எலியின் முன்பாதி வளைக்குள் இருந்தது.